முப்பத்துநாலு டெசிபெல்

தரகர் அங்கமுத்து காட்டிய முதல் இடம்
ஐந்து ரோட்டில், மேம்பாலத்தின் தோளை ஒட்டி.
"போர்டு வெச்சா பாதி ஊருக்குத் தெரியும்ங்க."
தெரியும்தான்.
ஒவ்வொரு பேருந்துக்கும் ஜன்னல் கண்ணாடி
பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது.
கைபேசியை நடுத்தரையில் வைத்தேன்.
எழுபத்தெட்டு.
"என்னங்க அது, வாஸ்துங்களா?"
"ஒரு வகையில்."

எனக்கு வேண்டியது பத்துக்குப் பத்தில் ஓர் அறை.
ஒருவர் உட்காருவார், காதில் ஹெட்போன் மாட்டுவேன்,
எறும்பளவு சத்தம் ஒன்றை அனுப்புவேன்,
கேட்டால் அவர் விரலைத் தூக்குவார்.
அந்த விரலுக்கும் எனக்கும் நடுவில்
சேலம் வரக்கூடாது.

வந்தது.
சூரமங்கலத்தில் சரக்கு ரயிலாக வந்தது.
செவ்வாய்ப்பேட்டையில்
மூட்டை இறக்குகிறவர்களின் கெட்ட வார்த்தைகளாக.
ஸ்வர்ணபுரியில் மட்டும் நல்ல அமைதி,
வாடகையைக் கேட்டதும்
எங்கள் பக்கத்திலிருந்தே கிளம்பியது.

அஸ்தம்பட்டி மாடியைப் பார்த்ததும்
பங்குதாரர் பர்வீன் நோட்டை மூடிவிட்டாள்,
தேடல் முடிந்ததென்று.
வடக்கு ஜன்னல் நிறைய சேர்வராயன் மலை,
நீலமாக, வாயே திறக்காமல்.
முப்பத்தாறு.
நான் இறங்கும்போது படிகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று, கைப்பிடி கிடையாது.
எழுபது வயது முழங்காலுக்கு
இந்த ஊரில் ஒரு மலை போதும்.

எங்களிடம் வரப்போகிறவர்கள் யார்?
இருபது வருடம் விசைத்தறிக்கு நடுவில் நின்று
உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள்.
கூலியைக்கூட விரலில் கேட்பவர்கள்.
கண்ணில் கண்ணாடி போட்டால் படித்தவன்,
காதில் ஒன்றைப் போட்டால்
தெருவே சத்தமாகப் பேச ஆரம்பிக்கும்.
அவர்களுக்கு ஒரே பஸ்ஸில் வந்து சேர வேண்டும்.
படி இருக்கக்கூடாது.
உள்ளே நுழைவதை யாரும் பார்க்கக்கூடாது.
இதையெல்லாம் சொன்னதும் அங்கமுத்து
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கடை திறக்கிறவர்கள் யாரும்
அவரிடம் இப்படிக் கேட்டதில்லை போல.

ஒன்பதாவது இடத்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காட்டினார்.
அம்மாபேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு வளைவு உள்ளே.
முன்னால் துளசிராம் மெத்தைக் கடை,
இரண்டு பக்கமும் அவர்களுடைய குடோன்,
கூரைவரை இலவம்பஞ்சு மூட்டை.
நடுவில் இந்த அறை, நாலு வருடமாகக் காலி.
"ஜன்னல் இல்லீங்க. சிக்னலும் வராது.
வர்றவங்க எல்லாம் காதை அடைக்குதுன்னு ஓடிடறாங்க."

கதவைச் சாத்தினேன்.
அடுத்த தெருத் தறிகள்
பஞ்சுக்குள் எங்கேயோ தூங்கிப்போயிருந்தன.
விழுங்கிய எச்சில் எனக்கே கேட்டது.
முப்பத்துநாலு.

"பஞ்சு பத்திக்கிட்டா?" என்றாள் பர்வீன்.
இத்தனை நாளில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது.
பின்சுவரில் சந்துப் பக்கம் ஒரு கதவு வேண்டும் என்றோம்.
துளசிராம் முகத்தைச் சுளித்தார், டீ வரவழைத்தார்,
கதவை நீங்களே வையுங்கள்,
மூன்று மாத வாடகையில் கழித்துக்கொள்கிறேன் என்றார்.
அட்வான்ஸ் அறுபது கேட்டவர்
இரண்டாவது டீயில் ஐம்பதுக்கு இறங்கினார்.

பணத்தை எண்ணும்போதுதான் கவனித்தேன்.
ஒன்பது இடத்திலும் அங்கமுத்து
என்னைத் தன் இடது பக்கமே நிறுத்தியிருந்தார்.
வண்டியில் வரும்போது நான் பின்னாலிருந்து கேட்டதற்கெல்லாம்
"ஆமாங்க" என்றே சொல்லியிருந்தார்,
விலாசம் கேட்டபோதுகூட.
அந்த அறைக்குள், அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நின்று,
சாதாரணக் குரலில் கேட்டேன்:
"உங்க கமிஷன் எவ்வளவுங்க?"

சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு தரகர்.
கமிஷன் என்ற சொல் அவரைக் கடந்து
பஞ்சுக்குள் போய்விட்டது.

இடது பக்கம் வந்து மறுபடி கேட்டேன்.
"ஒரு மாச வாடகைங்க, வழக்கம்தானே"
என்று உடனே சிரித்தார்.

பர்வீன் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.
அட்வான்ஸ் ரசீதை மடிக்குமுன்
அதன் பின்பக்கத்தில் பென்சிலால்,
அவர் பார்க்காத நேரம்,
ஒரே ஒரு சொல் எழுதிக்கொண்டாள்:
வலது.