அரைப்பேர்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே
தபால் படிக்கட்டில் ஒரு குடை,
குடைக்குக் கீழே ஒரு மேசை.
அதுதான் என் கந்தோர்.
படிவம் நிரப்ப நூறு ரூபாய்.
மனு என்றால் இருநூறு.
அழுதால் இனாம்.

போன செவ்வாய்க்கிழமை
மழைக்கு வாசிகசாலைக்குள் ஒதுங்கி
கால் காயும்வரை புரட்டிய தடித்த புத்தகத்தில்
ஐபீரியரைச் சந்தித்தேன்.
ஸ்பெயினின் கீழைக் கரைக்காரர்கள்.
ஈயத்தைத் தகடாகத் தட்டி
முள்ளால் கீறி எழுதிச் சுருட்டி வைத்தவர்கள்.
எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்,
இன்று பழகிய எவரும் உரக்க வாசிக்கலாம்.
என்ன சொல்கிறது என்பதுதான் தெரியாது.
கடனா, காணிக்கையா, சாபமா.

எனக்கு அது புதிதில்லை.
கொழும்பிலிருந்து வரும் சிங்களக் கடிதத்தை
லயத்து வாசலில் நின்று
எழுத்துக் கூட்டி, தடுக்காமல்
வாசித்துக் காட்டுவான் தப்பால்கார சவரிமுத்து.
எல்லோரும் தலையாட்டுவார்கள்.
அவனும் ஆட்டுவான்.
அடுத்த பஸ்ஸில் கடிதம் என்னிடம் வரும்.

எங்கிருந்து வந்தார்கள் ஐபீரியர்?
கடல் தாண்டி, ஆப்பிரிக்காவிலிருந்து என்றார் ஒருவர்.
மலைக்கு அந்தப்பக்கத்து பாஸ்க்காரருக்குச் சொந்தம்,
எண்ணுகிற விதம் ஒத்துப்போகிறதே என்றார் இன்னொருவர்.
வரவே இல்லை, அங்கேயே இருந்தார்கள் என்றும் ஒரு கட்சி.
புத்தகம் தெரியாது என்று எழுதி
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
கச்சேரியில் அப்படி முடியுமா?
இனம் என்ற கட்டம் காலியாக இருந்தால்
ஒரு தாள் நகருமா?

மிச்சம் இருப்பது பெரும்பாலும் பெயர்கள்.
அதுவும் ஒரு வெண்கலத் தகட்டில், லத்தீனில்,
ரோமாபுரிக்காகச் சண்டை போட்ட
முப்பது குதிரைவீரர்களுக்குப்
பிரஜாவுரிமை கொடுத்த பட்டியல்.
அந்தச் சொல்லைக் கண்டதும்
கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
உமரில்லுன், தப்பந்துவின் மகன்.
பேலெஸ், உமர்பேலெசின் மகன்.
கொடுத்தவன் கையெழுத்தில் வாங்கியவன் பெயர்.

இன்று காலை அடைக்கி வந்தாள்,
அறுபத்திரண்டு வயதில்
பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டு.
தோட்டத்துப் பழைய செக்ரோலில்
ஒரே ஒரு பக்கம் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.
துரையின் ஆங்கிலம், சாய்ந்த எழுத்து.
வாசித்தேன்: போனலக்கோ.
"யாரது?"
உங்கள் அப்பா என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"பொன்னழகு.
நாக்கை மடிச்சுச் சொல்லு தம்பி.
ழ வரணும்."
சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பெயருக்கு நேரே நாட்கள்.
ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, அரை, அரை.
எழுத்துத் தெரியாதவள்
அரையின் மேல் மட்டும் விரலை வைத்தாள்.
"அரைப்பேர் விழுந்த அன்னிக்கு
காம்பிராவுக்குள்ள ஒரு சத்தம் இருக்காது."

படிவத்தில் கட்டம் சின்னது.
சிங்களத்தில் ழ இல்லை, ல போட்டேன்.
ஆங்கிலத்தில் துரை போட்டதையே போட்டேன்,
மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.
தமிழில் மட்டும் முழுசாக, சற்று அழுத்தி.
அவள் அழவில்லை.
நூறு ரூபாயை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

அவள் இறங்கிப் போனபின்
சும்மா சொல்லிப் பார்த்தேன்.
உமரில்லுன்.
உமரிள்ளுன்.
உமரிழுன்?
நாக்கு எங்கே தொட வேண்டும் என்று தெரியவில்லை.

பக்கத்தில் குடை தைக்கிற சடையன்
ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:
"யாரு அது,
எந்தத் தோட்டத்து ஆளு?"