ஆளுக்கு ஒரு முழம்

பேருந்து ஓட்டுகிறவளுக்கு வரலாறு எதற்கு?
நார்வேயின் வடகோடி, ஸ்கார்வ்தால் பள்ளத்தாக்கு,
இருபத்திரண்டு குளிர்காலம்
இதே சாலையில் வண்டியை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.
எந்த வளைவில் பனி முதலில் இறுகும், தெரியும்.
யார் வெட்டிய வளைவு, கேட்டதில்லை.

செப்டம்பரில் பதினோரு பிள்ளைகள்.
பள்ளி அனுப்பியதால் வந்தவர்கள், பாதிப் பேர் தூக்கத்தில்.
பின் இருக்கையில் தோர்க்கில்
ஒரு காணொளியைச் சத்தமாக வைத்தான்.
முகாமாவது மண்ணாவது,
கூலிக்கு வந்தவர்கள், வெந்நீர் உண்டு,
சனிக்கிழமை படம் காட்டினார்கள்,
பட்டினியெல்லாம் போருக்குப் பிறகு கட்டிய கதை.
நல்ல குரல். வானிலை சொல்பவரின் குரல்.
பாதி தலையாட்டினேன், ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
சதுப்பு, குட்டை பிர்ச் மரங்கள்,
பாசி மூடிய அடித்தளக் கற்கள்.
தகவல் பலகையில் 'கைதிகள்' என்ற சொல்லை
யாரோ ஆணியால் சுரண்டி
'பணியாளர்கள்' என்று கிறுக்கியிருந்தார்கள்,
எழுத்துப் பிழையோடு.

வழிகாட்டி ஐரினுக்குப் பத்தொன்பது வயது,
தீராத சளி.
அவள் வாதாடவில்லை.
பையிலிருந்து ஒரு நூற்கண்டை எடுத்தாள்.
இந்தக் கல்லில் ஒரு முனை, அந்தக் கல்லில் மறுமுனை.
"ஒரு படுக்கைத் தட்டு இவ்வளவு நீளம்.
காவலர்களே எழுதிய பட்டியலில்
இதற்குப் பதினெட்டுப் பெயர்.
விடுதிதானே. படுத்துப் பாருங்கள்."

ஈர மண்ணில் யார் படுப்பார்?
சிரிப்பு. பிறகு இஃப்ரா படுத்தாள்,
அவளுக்காக ரக்னில், ரக்னிலுக்காக இரண்டு பையன்கள்.
பதினோரு பேரிலேயே நூல் நிறைந்துவிட்டது.
குளிர்ச்சட்டைகளைக் கழற்றினார்கள். ஒருக்களித்தார்கள்.
ஒருவர் முழங்கால் மடிப்பில் அடுத்தவர் முழங்கால்.
இஃப்ரா கையை நீட்டி அளந்தாள்:
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை,
ஆளுக்கு அவ்வளவுதான்.
இடம் இன்னும் மிச்சமிருந்தது, ஆள் போதவில்லை.
என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் பன்னிரண்டாவது.

என் முதுகுக்குப் பின்னால் தோர்க்கில்.
அவன் திரும்ப வேண்டுமென்றால்
பன்னிரண்டு பேரும் திரும்ப வேண்டும்.
தும்மினான். வரிசை முழுக்கக் குலுங்கியது.
மறுபடி சிரிப்பு, ஐரின் தடுக்கவில்லை.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
பட்டியலை வாசித்தாள்.
மிலுட்டின், இருபது. ஓப்ராட், முப்பத்தொன்று.
ஸ்ரெத்தன், பதினேழு.
பெயருக்கு ஒருவர் கை தூக்கினோம்.
பன்னிரண்டு கைகள் தீர்ந்தன.
பெயர்கள் வந்துகொண்டிருந்தன.
எண்ணிக்கை முடிந்த பிறகும்
எண்ணிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் தோர்க்கில்
முன்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்றான்.
காணொளியை அழித்தானா, தெரியாது.
"அந்த ஆள் இங்கே வந்திருக்கிறானா?"
எந்த ஆள்?
"அந்தக் குரல்."
உட்கார், வளைவு வருகிறது என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நான்கு பேர்
யாரும் அனுப்பாமலே என் வண்டியில் ஏறினார்கள்,
சொந்தக் காசில், நூற்கண்டோடு.
வழிப்போக்கர்களைப் படுக்கச் சொல்லப் போகிறார்களாம்.
தோர்க்கில் அவர்களில் இல்லை.
மழையிலும் ஒரு வயதான தம்பதி படுத்தார்கள்
என்று மாலையில் ரக்னில் சொன்னாள்.
மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

இப்போது அந்த வளைவுக்கு முன்
இரண்டாம் கியருக்கு மாற்றுகிறேன்.
தேவையில்லை.
பனி இன்னும் விழவில்லை.