ஆற்றுக்கு வடக்கே

ரூசேயில் மினிபஸ் ஏறும்போது தூறல்.
பாலத்தில் அது மழை.
தன்யூபின் மேல் இன்னொரு தன்யூப்
பெய்துகொண்டிருந்தது.

இந்த வருடத்திலிருந்து பாஸ்போர்ட் கேட்பதில்லை.
என்றாலும் சாவடி நெருங்கியதும்
என் கை தானாகப் பைக்குள் போயிற்று.
கூண்டில் ஆளில்லை.
போன கை வெறுமனே திரும்ப வெட்கப்பட்டு
ஒரு மிட்டாயோடு வந்தது.
பக்கத்தில் நாத்தனார் பென்கா.
வாங்கி வாயில் போட்டு, "புளிப்பு" என்றாள்.

புக்கரெஸ்டில் அவள் பார்க்க நினைத்தது
தாவரப் பூங்காவின் கண்ணாடி வீடு,
அப்புறம் அந்தப் பெரிய, மகா கனமான கட்டடம்.
கண்ணாடி வீட்டுக்கு அன்று பூட்டு.
கட்டடத்தில் கீழ்ப்பாதிதான் கிடைத்தது,
மேல்பாதியை மேகம் வைத்துக்கொண்டது.
"பாதிக் கனம்தான். தூக்கிக்கொண்டு போய்விடலாம்"
என்றாள் பென்கா, குடைக்கம்பியை நிமிர்த்தியபடி.

யுனிரி சதுக்கத்தில் என் வலது ஷூ வாயைப் பிளந்தது.
கெஞ்சிக் கெஞ்சி மூன்று தெரு இழுத்தேன்.
நான்காவதில் அது குடிக்கத் தொடங்கிவிட்டது.

சுரங்கப்பாதையில் ஒரு கடை.
தொப்பி, போன் உறை, ரப்பர் பூட்ஸ்.
நான் காலைத் தூக்கிக் காட்டினேன்.
பென்கா என்னிடம் ஏதோ சொல்ல,
கடைக்காரி சட்டென்று நிமிர்ந்தாள்.
தொண்டையைச் செருமி,
கைகளை முன்னால் கோத்துக்கொண்டு,
எங்கள் மொழியில், எப்போதோ ஓய்வுபெற்றுவிட்ட ஒரு குரலில்:

"நாட்டின் வடகிழக்கில் பரவலாக மழை.
தன்யூப் சமவெளியில் மாலைக்குள் காற்று வலுக்கும்.
நேயர்களுக்கு இனிய இரவு."

பென்கா சிரித்த சிரிப்பில் ஒரு அடுக்குத் தொப்பி சரிந்தது.

பெயர் வியோரிக்கா. பிறந்த ஊர் ஜுர்ஜு,
எங்களுக்கு நேர் எதிர்க் கரை.
அந்த நாளில் அவர்கள் டிவி தினம் இரண்டு மணி நேரம்,
அதிலும் முக்கால்வாசி ஒரே முகம்.
ஊர் ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்கே திரும்பி
எங்கள் கால்பந்தையும் சமையலையும்
வானிலையையும் பிடித்துக்கொண்டிருந்தன.

"உங்கள் வரைபடம் ஆற்றோடு முடிந்துவிடும்.
அதற்கு மேலே வெறும் சாம்பல் நிறம்.
அந்தச் சாம்பலுக்குள்தான் என் வீடு.
ரூசே மேல் மேகம் ஒட்டினால்
நான் குடை எடுத்துக்கொள்வேன்.
தப்பியதே இல்லை."

அளவு கேட்டாள். முப்பத்தெட்டு.
குனிந்து பூட்ஸை ஏற்றிவிடும்போது
என் காலிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"அப்பாவுக்கு ரசாயன ஆலையில் வேலை."

வகுப்பு ஜன்னல்களை அறைந்து மூடும் சத்தம்.
நனைத்த கைக்குட்டையின் சோப்பு மணம்,
அதையும் துளைத்து வரும் குளோரின்.
பூனைகூடக் கரை தாண்டாத காலத்தில்
காற்று மட்டும் யாரையும் கேட்காமல்
ஆற்றைக் கடந்து எங்கள் தெருவுக்கு வந்துபோனது.
என் தம்பி இன்றும் மாடிப்படியில்
பாதியில் நின்று மூச்சு வாங்குவான்.
அந்தப் புகைக்கு அடியில் ஒரு பெண்
எங்கள் மேகத்தைப் பார்த்துக் குடை எடுத்திருப்பாள் என்று
நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.
"கொஞ்சம் இறுக்கம்" என்றேன்.
"ஈரக்காலுக்கு அப்படித்தான் இருக்கும்."

பென்கா பேரம் பேசிப் பார்த்தாள்.
ஒரு லெய்கூடக் குறையவில்லை.
மீதிச் சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டே
"அவரும் இருமித்தான் போனார்" என்றாள் வியோரிக்கா.
எண்ணிக்கை தவறிவிட்டது.
முதலிலிருந்து எண்ணினாள்.

திரும்பும்போது பாலத்தில் இருட்டு.
ஆறு தெரியவில்லை, சத்தம்தான்.
பழைய ஷூ அவள் கடைக் குப்பைத்தொட்டியில்,
பென்கா என் தோளில் தூங்கி எச்சில் வடித்தாள்.

வீட்டில் மில்கோ வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்.
"எப்படி இருந்தது?"
"நனைந்தது."
பூட்ஸோடு கீச் கீச்சென்று நடந்து போய்
திரையில், ஆற்றுக்கு மேலே,
மேகம் ஒன்றும் வரையாத இடத்தில்
விரலை வைத்தேன்.

"தொடாதே, கறை விழும்" என்றார்.
விழுந்தது.