ஏழாம் கேள்வி

பதினோரு பக்கக் கேள்வித்தாள்.
துறைமுகத்துப் பெரிய கம்பெனி வருடம் தவறாமல் அனுப்புவது.
அவர்களுக்கு ஏசி டக்ட் செய்து கொடுக்கிறோம் நாங்கள்.
சோஹார் தொழிற்பேட்டையில்
டயர்க்கடைக்குப் பின்னால் மூன்று ஷட்டர்,
இருபத்திமூன்று ஆட்கள்,
கணக்கெழுத நான்.

ஏழாம் கேள்வி:
தொழிலாளர்களின் பாஸ்போர்ட் உங்கள் வசம் உள்ளதா?

மூன்று வருடமாக இல்லை என்றே எழுதினேன்.
எழுதும்போது முழங்காலில் இடிக்கும் இழுப்பறை.
அதற்குள்தான் இருந்தன.

பொய் என்று தோன்றியதே இல்லை.
எண்ணெய்க் கை, தொலைத்துவிடுவான்,
பத்திரமாக இருக்கட்டுமே என்றார் சார்.
விசா வேலை பார்க்கும் பி.ஆர்.ஓ.வும் அதையே சொன்னார்.
புதிதாக வந்தவர்களிடம் நானும் சொன்னேன்,
கிட்டத்தட்ட அதே குரலில்.

இந்த ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை
பிகேஷ் தமாங்கின் அப்பா இறந்துபோனார்.
இழுப்பறைச் சாவி சாரிடம்,
சார் மஸ்கட்டில், மகள் நிச்சயதார்த்தத்தில்.
ஞாயிறு காலை திறந்தபோது
அங்கே எரித்து முடித்திருந்தார்கள்.
பிகேஷ் எதுவும் கேட்கவில்லை.
பன்னிரண்டரை வரை தகரம் வெட்டினான்.
வெயில் தடை நேரம் முடியும்வரை
லாரி நிழலில் உட்கார்ந்திருந்தான்,
நிழல் நகர நகர அவனும் நகர்ந்து.

திங்களன்று வந்தது கேள்வித்தாள்.

ஆமாம்னு எழுதிடவா சார்?
பைத்தியமா, ஆர்டர் போயிடும்.
இல்லைன்னு எழுதணும்னா
இல்லாம ஆக்கிடுங்க சார்.

நெடுநேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு சாவியை வைத்தார், என் பக்கம் தள்ளாமல்,
மேஜையின் நடுவில்.

சூட்டில் உருகிய ரப்பர் பேண்டு
அட்டைகளில் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரித்தேன்.
உள்ளே புகைப்படங்கள்:
எல்லாம் கடன் வாங்குவதற்கு முந்தைய முகங்கள்.

ரஞ்சன் ஓராவோன் மட்டும் திருப்பி நீட்டினான்.
எட்டுப் பேர் ரூம் மேடம், எங்கே வைப்பேன்?
தலையணைக்குள்ளா?

அது நான் நினைக்காத கேள்வி.
இருபத்திமூன்று லாக்கருக்கு ஆர்டர் கொடுத்தேன்,
ஆளுக்கொரு சாவி, மாற்றுச்சாவி கிடையாது.

எட்டாம் கேள்வி, வேலைக்காகப் பணம் கட்டினார்களா.
மெஸ்ஸில் போய்க் கேட்டேன்.
மொஃபிசுல் விரல்களைக் காட்டினான், நான்கு லட்சம் டாக்கா.
இசக்கிராஜ் சிரித்தான்:
அக்கா பேர்ல ஒரு ஷேர் ஆட்டோ இருந்துச்சு மேடம்.
இருந்துச்சு.

சார் கால்குலேட்டரைத் தட்டினார், அணைத்தார், மறுபடி தட்டினார்.
ஆளுக்கு மாதம் பதினைந்து ரியால் திருப்பித் தரேன்,
அதுக்குமேல முடியாது, நானே கடன்ல இருக்கேன்.
ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் அதை அப்படியே எழுதினேன்.

லாக்கர்கள் வந்தன.
இறக்கிய பையனின் உள்ளங்கையில் சாக்குத்துணிச் சுற்று,
க்ளவுஸ் இல்லை.
பெட்டியின் பூட்டைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தான்.
இதில் என்ன வைப்பார்கள்?
பாஸ்போர்ட் என்றேன்.
உன்னுடையது எங்கே என்று கேட்டும்விட்டேன்.
பதில் சொல்லாமல்
வண்டி வந்த திசையைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு.
உங்களுக்குப் பொருள் தருபவர்களிடம்
இவற்றையெல்லாம் கேட்டீர்களா?
அதற்கு எப்போதும் ஆம் என்று எழுதுவேன்,
சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

அன்று மாலை
பதினோரு பக்கத்தையும் நகலெடுத்து
லாக்கர் கடைக்காரருக்கு அனுப்பினேன்.
பெயிண்ட் கடை, போல்ட் கடை,
சாப்பாடு தரும் மெஸ், பஸ் ஓட்டும் கம்பெனி,
எல்லோருக்கும் அனுப்பினேன்,
அந்தப் பையனால்தான் என்று
அவன் முதலாளிக்குத் தெரியாதிருக்க.

பெயிண்ட் கடை சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பியது.
லாக்கர் கடையிலிருந்து ஒன்றுமில்லை.
பணம் மட்டும் இரண்டு முறை கேட்டார்கள்.

செக் தயார். சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
காலியான இழுப்பறையில்
அது மட்டும் கிடக்கிறது,
ஏழாம் கேள்விக்குக் கீழே.