முப்பது

ரைமிங் மூடியைக் கழற்றினேன்.
பாலைப்பழம் தின்ற உதடுபோல
விட மனமில்லாமல் பிரிந்தது பழைய கேஸ்கற்.

உடம்பு மொறிஸ். வயிற்றில் இசூசு டீசல்.
மல்லாவியில் இந்தக் காரைத் தெரியாத ஆள் இல்லை.
பிள்ளைப்பேற்றுக்கு ஒரு ஓட்டம், பொம்பிளை அழைக்க ஒரு ஓட்டம்,
விதைநெல்லோடு துணுக்காய்ப் பக்கம் ஒரு ஓட்டம்.
யோகமலருடையது. ஓட்டுவதும் அவதான்.

"முன்னுக்கு ஏதோ அரைக்குது" என்றா.
"ஹோர்னே தேவையில்லை,
சத்தத்துக்கு மாடு தானா விலகுது."

மண்ணெண்ணெயில் ஊறவைத்து
பல்லுப் பல்லாகத் தூரிகை போட்டேன்.
எண்ணெய் அப்பியிருக்கும்வரை
எல்லாக் கியரும் புதுசுதான்.

பல்லின் ஒரு கன்னம் மட்டும் தேய்ந்திருந்தது,
தள்ளு வாங்குகிற கன்னம்.
மற்றதில் தொழிற்சாலை வெட்டிய கோடுகள்
இன்னும் கலையவில்லை.
வேலை செய்யாத பக்கம்
நல்லாத்தானே இருக்கும்.

ஃபீலர் கேஜை விசிறியாக விரித்தேன்.
மில்லிமீற்றரை நூறாகக் கிழித்த கணக்கு.
பத்து, வெறுமனே போனது.
இருபதும் போனது.
இருபத்தைந்து உரசிக்கொண்டு போனது,
வெற்றிலை நரம்பை உரிக்கிற அளவு இழுவை.
முப்பது போகவில்லை.
புத்தகம் பொறுக்கும் எல்லை முப்பது.

காம் கியரைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
இருபத்தைந்து.
இன்னும் கால் சுற்று.
இருபத்தைந்து.
மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம்.

நாலாவது இடத்தில்
திறந்த குசினிக்குள் பூனை போல
முப்பது உள்ளே போனது.
முப்பத்தைந்தும்
பின்னாலேயே போனது.

ரோர்ச் அடித்தேன்.
ஒரு பல்லு நசிந்து, நுனி நொய்யரிசி அளவு உடைந்து.
அடியில் ஒரு பள்ளம், பஞ்ச் வாய் பதிந்த பள்ளம்.
பக்கத்தில் முக்கோணமாய் மூன்று புள்ளி.

நான் போடுகிற குறி அது.

ஆறு வருசத்துக்கு முந்திய மார்கழி.
வவுனிக்குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது, கரண்ட் இல்லை.
கேஜ் அந்தோனிக்குலாசின் கராஜில்.
போய்க் கேட்கப் பஞ்சி.
கியரைச் சூடாக்கி ஏற்றவும் பொறுமையில்லை,
பஞ்சை வைத்து அடித்தே இறக்கினேன்.
கண்ணால் பார்த்துச் சரி என்றேன்.
காசை எண்ணித்தான் வாங்கினேன்.

சனிக்கிழமை கோட்டைகட்டியகுளத்தில் கலியாண ஓட்டம் அவவுக்கு.
நாலில் மூன்று இடம் எல்லைக்குள்.
"ஓடும்" என்ற ஒரு சொல் போதும்.
அது தொண்டைவரைக்கும் வந்தது.

பின்னேரம் வந்தா.
"இது என்ரை கை" என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் தகட்டை வாங்கினா.
தானே இடைவெளியில் விட்டுப் பார்த்தா,
எடுத்து வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தா.
"இவ்வளவுதானோ?"
"இவ்வளவுதான்."
"இதுக்குள்ளாலையோ ஆறு வருசம் கத்தினது?"

கியர் முப்பத்தெட்டாயிரம்.
பாதி நீங்கள், பாதி நான் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தா.
"நான் இந்தச் சத்தத்தோடை உழைச்சனான், சரி, பாதி."
கேற்றடிக்குப் போய்த் திரும்பி நின்றா.
"இல்லை. முக்கால் நீர்."

பஞ்சிகாவத்தையில் இருந்து
இரவு பஸ்ஸில் மாங்குளம் வந்திறங்கியது பெட்டி.
அதற்குள் சனிக்கிழமை போய்விட்டது.
மாப்பிள்ளை யாருடையதோ வானில் போனாராம்.

புதுக் கியரை எண்ணெய்ச் சட்டியில் போட்டு
பணியாரம்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தானாக வழுக்கி உட்கார்ந்தது.
பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு.
தேவையில்லாமல் ஐந்தாவது இடமும் பார்த்தேன்.
பில்லின் முதுகில் எழுதித் திகதி போட்டேன்.
மூன்று புள்ளிக்குப் பஞ்சை எடுத்து,
திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் போன்.
யோகபுரம் சந்தியில் நிற்கிறாவாம்.
"சத்தமே இல்லை. நல்ல வேலை.
ஆனா ஒரு மாடும் அசையுதில்லை.
ஹோர்ன் வேலை செய்யாதெண்டு
ஏன் சொல்லேல்லை?"