ஐம்பது மில்லி நொடி

இருநூற்றுப் பதினான்கு எச்சரிக்கைகள்.
ஏழு வருடமாக ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
கம்பைலரைப் புது வெர்ஷனுக்கு மாற்றிய செவ்வாய்க்கிழமை
அத்தனையும் பிழைகளாகப் பதவி உயர்வு பெற்று
என் மேசைக்கு வந்தன.

சாஸ்கட்டூன். ஜனவரி. மைனஸ் முப்பத்தாறு.
கீழே நிற்கும் ஒவ்வொரு காரும்
மூக்கிலிருந்து ஒரு வயரை நீட்டி
கம்பத்தில் கரண்ட் குடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் நூறு சுலபம்.
அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறிகள்:
பத்திரிகையில் பெயர் போட்டும்
கல்யாணத்துக்கு வராதவர்கள். நீக்கினேன்.
குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும்
ஒரே தராசில் நிறுத்திய இடங்கள்;
மைனஸ் ஒன்று அங்கே நானூற்றுச் சொச்சம் கோடியாகிவிடும்,
கந்துவட்டிக்காரரே கூச்சப்படுகிற கணக்கு.

ஐந்து மணி, வெளியே இருட்டு. மிச்சம் ஒன்றே ஒன்று.
வரி 1187: 'திரும்பிய மதிப்பைக் கவனிக்கவில்லை.'
ஐம்பது மில்லி நொடி தூங்கச் சொல்லும் ஒரு கட்டளை.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
'தொடாதே. டேரில்.'

தொட்டேன்.

நாங்கள் செய்வது டிபக்கர்.
ஊரார் பிழையைப் பிடிக்கும் வலை; ஓட்டை வலையிலேயே.
ஓடு என்றால் 'ஓடுகிறேன்' என்று பதில் வரவேண்டும்,
பிறகு எப்போதோ 'நின்றுவிட்டேன்'.
தூக்கத்தை எடுத்ததும், நாற்பதில் ஒரு தடவை
'நின்றுவிட்டேன்' பந்திக்கு முந்திக்கொள்கிறது,
பின்னால் வந்தது அதை எழுப்பிவிட்டு உட்கார்கிறது.
நின்றுபோன நிரல்
திரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதன்மேல் இன்னொரு டிபக்கரை மாட்டிப் பார்த்தேன்.
பார்த்தால் வராது.
ஒரு வரி லாக் போட்டேன். அப்போதும் வராது,
எழுதுகிற நேரத்தில் அது ஒழுங்காகிவிடுகிறது.
கழுவுற மீனில் நழுவுற மீன்.

எட்டு மணிக்கு டேரிலை அழைத்தேன்,
வேலையை விட்டு ரோஸ்டவுன் பக்கம் கனோலா விதைக்கப் போனவர்.
'ஆங்கி' என்பார் என்னை;
அங்கயற்கண்ணியில் அவர் நாக்கு ஏறிய தூரம் அவ்வளவே.
வரி எண்ணைச் சொன்னேன்.
லைன் போய்விட்டதென்றே நினைத்தேன், அத்தனை நேரம்.
"அந்த ராத்திரியா," என்றார்.
"லிண்ட்சேக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.
டெஸ்ட் பச்சையாகணும், நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.
நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்னு..."
பின்னணியில் ஒரு சிறுமி
எதையோ தரமாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தாள்.
வரி 1187-இன் வயது அவளுக்கு.

திருத்தம் ஆறு வரிதான்.
கடிகாரத்துக்குக் காத்திராதே, செய்திக்குக் காத்திரு.
முந்தி வந்ததை விரட்டாதே,
முறை வரும்வரை ஓரமாக உட்காரவை.
ஆயிரம் தடவை ஓட்டினேன், ஆயிரமும் பச்சை.
ஆயிரத்தொன்று பற்றி எனக்குத் தெரியாது.
'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்,
அழித்தேன், மறுபடியும் அதையே எழுதினேன்.

பத்தரைக்குக் காரை எடுத்தேன்.
பஸ் நிறுத்தத்தில், கண் மட்டும் தெரியப் போர்த்தியிருந்த ஒருவர்
இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.
இந்தக் குளிரிலும் எத்தனை அன்பான ஊர்!
நானும் கையாட்டினேன்.

இரண்டு சிக்னல் தாண்டிய பிறகே
அவர் சொன்னது என்னை வந்தடைந்தது:
காரோடு கூடவே, பனியைக் கீறிக்கொண்டு,
கம்பத்திலிருந்து பிடுங்கி வந்த ஆரஞ்சு வயர்.