காற்றுக்கு விட்ட இடைவெளி

ஆண்டவரே,
திங்களன்று உம்மிடம் பாறை கேட்டேன்.
இந்த ஃபாரோ தீவுகளில் அதற்கா பஞ்சம்,
எங்கள் கோயிலின் பின்சுவரே பாதி மலைதான்.
அதில் ஒரு கையளவு பெயர்த்து
என் விலாவுக்குள் வையும் என்றேன்.

ஞாயிறன்று போதகர் படகேறி வருகிறார்,
ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருபவர்.
திருவிருந்து உண்டு.
தான்யாலும் வருகிறானாம்.

அவன் சுக்கான் பிடித்திருந்த இரவில்
மூடுபனிக்குள் போன படகிலிருந்து
அவன் எட்டு விரல்களோடு திரும்பினான்.
என் ரோயி திரும்பவில்லை.
குடித்திருந்தான் என்றார்கள், இல்லை என்றார்கள்.
விசாரணைத் தாளில் பனி என்று மட்டும் இருக்கிறது.

போதகர் வராத ஞாயிறுகளில்
பிரசங்கத்தை வாசிப்பவள் நான்.
மன்னிப்பு என்ற சொல் வரும் பக்கத்தில்
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன்.
ஊரார் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.
தான்யால் உள்ளே வருவதில்லை.
சுவரோரம் மழையில் நின்று கேட்பான்,
ஜன்னலில் அவன் தொப்பி மட்டும் தெரியும்.
உம்மிடம் மறைப்பதற்கென்ன,
மழை பெய்யும் ஞாயிறுகளில்
நான் கொஞ்சம் மெதுவாக வாசிப்பதுண்டு.

செவ்வாயன்றும் பாறைதான் கேட்டேன்.
மீன் தொழிற்சாலையில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்க
கத்தியும் கையுறையுமாய்,
உதடு அசையாமல்.
கிடைத்தது முதுகுவலி.

புதனன்று ஆட்டுக்கறியை உலரத் தொங்கவிடப் போனேன்.
ரோயி கட்டிய கொட்டகை.
சுவர் என்று பெயர்தான்,
சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு விரல் நுழையும்.
முழுக்க அடைத்தால் கறி அழுகிவிடும் என்பான்.
கடல் காற்று உப்போடு உள்ளே வரவேண்டும்,
வந்த வழியே போகவும் வேண்டும்.
போன மார்ச் புயலில்
பக்கத்து வீட்டின் புதுத் தகரக் கூரை
வளைகுடாவைத் தாண்டிப் பறந்தது.
இந்த ஓட்டைச் சுவர் இங்கேயே நிற்கிறது.
இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தேன்.
சில்லென்றிருந்தது.

இதுதான் உம்முடைய பதில் என்று சொல்லமாட்டேன்.
பதிலை உடனே கண்டுபிடித்துவிடுகிறவர்களை
எனக்கு ஆகாது.
ஆனால் அன்றிரவு பாறை கேட்கவில்லை.
என்ன கேட்பதென்று தெரியாமல்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்,
ஒற்றைக் காலுறையோடு.

ஞாயிறு.
கூரையிலிருந்து தொங்கும் சிறு மரக்கப்பல்
தன் பாட்டில் அரைவட்டம் திரும்பியது.
பீடத்தின் அரைவட்டக் கிராதியில்
ஒருவர் பின் ஒருவராக முழந்தாளிட்டோம்.
என் இடப்பக்கம் ஓர் ஆள் இடம்.
ஊரே அதைப் பார்க்காமல் பார்த்தது.

தொப்பியைக் கையில் பிடித்தபடி அவன் வந்தான்.
நான் நகர்ந்து கொடுக்கவில்லை.
எழுந்து போகவும் இல்லை.
அவ்வளவுதான் என்னால் ஆனது, ஆண்டவரே.
ஈரக் கம்பளி வாசனை.
கிராதியின் மேல் மூன்று விரல் கை.
மரம் நடுங்கியது.
அவன் நடுக்கமா என் நடுக்கமா,
ஒரே மரம், பிரித்தறிய முடியவில்லை.
அப்பம் வந்தது. கிண்ணம் வந்தது.
அவன் வாய் வைத்த விளிம்பைப் போதகர் துடைத்து
கொஞ்சம் திருப்பி எனக்குத் தந்தார்.
குடித்தேன்.

பலம் வந்ததா என்று கேட்டால்
வந்ததாகத் தெரியவில்லை.
ஏதோ ஒன்று உள்ளே வந்து
என்னைப் பெயர்க்காமல் வெளியே போயிற்று.

வாசலில் அவனுக்கு நான் கை கொடுக்கவில்லை.
கொடுப்பேன் என்றும் இங்கே எழுதமாட்டேன்.
அடுத்த ஞாயிறு மறுபடி நான்தான் வாசிக்கவேண்டும்.
மழை என்கிறது வானொலி.
கதவைச் சாத்தாமல் வைக்க
ஒரு கல் தேடி வைத்திருக்கிறேன்,
கையளவுதான்.
அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடக்க மட்டும்
அன்றைக்குப் பலம் தாரும்.